கார்த் திறப்புக்கு ஒரு சுற்று

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை, தென் லண்டனில் உள்ள ஒரு கோ-கார்ட் திடலில், முதல்முறையாக ஓட்டிய ஜெரோசனின் மிக வேகமான சுற்று நாற்பத்தொரு விநாடி எனப் பதிவானது.

அடுத்து எட்டாம் இலக்க வண்டி ஓடியது. ஜெரோசனும் மனைவி டிலக்சனாவும் வேலிக்கு வெளியே நின்று நேரத்தைக் காட்டும் திரையைப் பார்த்தார்கள்.

“உங்களை முந்தினால் கார்த் திறப்பைத் தாறன் எண்டு ஏன் சொன்னனீங்கள்?”

“வீட்டில நெடுக, திறப்பு எங்க, சாவி எங்க எண்டு சண்டை. ஆளும் இதுக்குப் புதுசுதானே. ஒருக்காத் தோத்தால் எல்லாம் அடங்கும் எண்டு நினைச்சன்.”

“போன மாதம் காரை நடைபாதையில ஏத்தினதை மறந்திட்டியளே? பிள்ளைத் தள்ளுவண்டிலோட ஒரு பொம்பிளை மயிரிழையில தப்பினவ.”

திரையில் நாற்பத்துமூன்று வந்தது. அடுத்த சுற்றில் நாற்பத்திரண்டு. டிலக்சனா கைப்பைக்குள் இருந்த செபமாலையை இறுகப் பிடித்தாள்.

“மாதாவே, ஒருக்கா பிரேக் பிடிக்க வையும் தாயே!”

“வளைவிலயும் பிடிக்கிறதா இல்லை,” என்றான் ஜெரோசன்.

கடைசிச் சுற்று முப்பத்தொன்பது.

வண்டி நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றிய சூசைதாசன், எழுபத்தொன்பது வயது நரைமுடியைக் கோதிக்கொண்டு மகனிடம் வந்து கையை நீட்டினார்.

“எங்க தம்பி, என்ர திறப்பு? கார் ஓடக் கூடாதெண்ட அந்தக் கண் டொக்டருக்கும் போய்ச் சொல்லு, கொப்பருக்கு எல்லாம் வடிவாத் தெரியுதாம் எண்டு.”

மறுநாள் சூசைதாசன் காரை ஓட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். ஜெரோசன் பக்கத்து இருக்கையில் இருந்தான். டிலக்சனா பிள்ளைகளை டிராமில் கூட்டிக்கொண்டு போனாள்.