இருட்கோமானுக்கு ஒரு கதிரை

கடையின் மேற்பார்வையாளர் பாயிஸா மிஸ், கஜலட்சுமியின் ஃபோனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்கு நடந்தாள். பின்னாலேயே வரும்படி ஒரு கண்ஜாடை மட்டும்.

சேலைப் பிரிவில் நின்ற மற்றப் பெண்கள் மடித்த சேலைகளை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கண்டி டவுனில் அந்தத் துணிக்கடையில் வேலை பார்க்கும் கஜலட்சுமி, ஃபோனில் ஒரு தொடர்கதை எழுதுகிறாள். குண்டசாலை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டித் தட்டி எழுதுவது. பெயர் ‘இருட்கோமான்’. அதில் வில்லன்தான் கதாநாயகன். ஊதினால் மலை தூளாகும். தேவர்களையே "புழுவே" என்றுதான் கூப்பிடுவான். அப்படியொரு திமிர்.

ஒரேயொரு விசித்திரம் உண்டு. எந்தக் கோட்டைக்குள் நுழைந்தாலும், வாளை உருவுமுன் தனக்கொரு கதிரை கேட்பான். உட்கார்ந்தபடியேதான் உலகத்தை வெல்வான்.

எழுதுகிறவர் நோகாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற பணக்காரர் போலிருக்கிறது என்று இணையத்தில் வாசித்த யாரோ கருத்துப் போட்டிருந்தார்கள். கடைப் பெண்கள் அதை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏனென்றால் அந்தக் கடையில் ஷட்டர் திறந்ததிலிருந்து மூடும்வரை யாரும் உட்காரக்கூடாது. கதிரைகள் இருக்கின்றன, துணி வாங்க வருகிறவர்களுக்கு. ஈயோட்டும் நேரத்தில் மேசையில் கொஞ்சம் சாய்ந்தாலும், பாயிஸா மிஸ்ஸின் குரல் முதுகில் விழும். "நிமிருங்க." கதிரைக்காக முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அதெல்லாம் கதைக்க ஏலாது என்று போய்விடுவாள்.

இப்போது கோள் சொல்ல மட்டும் வாய் வந்துவிட்டதாக்கும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கஜலட்சுமி பின்னால் போனாள்.

"இந்தப் புள்ள எழுதுற கதைய நீங்க ஒருக்கா கேக்கணும் முதலாளி" என்றாள் பாயிஸா மிஸ். சொன்னதோடு விடவில்லை. நின்றபடியே, கணீரென்று வாசிக்கவும் தொடங்கினாள்.

அந்த அத்தியாயத்தில் ஒரு கிழட்டு ராஜா வருகிறான். பணிப்பெண்களைப் பொழுதுக்கும் கால் கடுக்க நிற்க வைக்கிறவன். மூக்குக் கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவன்.

சந்திரகுமார் முதலாளியின் கை தானாகப் போய்த் தன் கழுத்துக் கயிற்றைத் தடவியது.

பாயிஸா மிஸ் ஒரு வரி விடவில்லை. இருட்கோமான் வந்து, கதிரை கேட்டு உட்கார்ந்து, அரண்மனையைச் சாம்பலாக்கி முடிக்கும்வரை வாசித்தாள்.

முதலாளியின் முகம் கறுத்தது. கடைக்குள்ளேயே இருந்துகொண்டு தன்னையே கேலி செய்கிறாளா என்று சத்தம் போட்டார். கடைசியில் ஒரு முடிவும் சொன்னார்.

"அடுத்த அத்தியாயத்துல ஒன் வில்லன் அந்த ராசா கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கணும். இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. கஜலட்சுமிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் காலையிலிருந்து நின்ற கால் நெருப்பாய் எரிந்தது.

"அவன் விழமாட்டான் முதலாளி."

"ஏன்?"

"விழுறவனா இருந்தா நான் அவன எழுதியே இருக்க மாட்டேன். என்னைய வேணும்னா அனுப்புங்க. அவன் அப்பிடியேதான் இருப்பான்."

சொல்லி முடித்துவிட்டு அவரை நேரே பார்த்தாள். தலை குனியவில்லை.

முதலாளி பாயிஸா மிஸ் பக்கம் திரும்பினார். இந்தத் திமிரைக் கொண்டுவந்து காட்டியதற்கு நன்றி என்றார். இன்றைக்கே இவளைக் கணக்கு முடித்து அனுப்பிவிடச் சொன்னார்.

பாயிஸா மிஸ் நகரவில்லை.

முதலாளிக்கு எதிரே, வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு கதிரை கிடந்தது. அதை இழுத்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"கதிரை வேணுமெண்டு கேக்கச் சொல்லி இவளுகள் எத்தனயோ தரம் என்னய அனுப்பினாளுகள் முதலாளி. ஒவ்வொரு தரமும் உங்கட கதவு மட்டும் வந்து, பயத்துல திரும்பிப் போயிட்டேன். என்ட வாயால வராததெல்லாம் இந்தக் கதையில இருந்திச்சு. அதுதான் தூக்கிட்டு வந்தேன்."

பிறகு ஃபோனைக் கஜலட்சுமியிடம் நீட்டினாள்.

"அடுத்த அத்தியாயத்த எழுதித் தாங்க புள்ள. அத இந்தக் கதிரையில இரிந்துக்கிட்டே வாசிக்கிறேன்."