கன்றிய இடங்கள்

தோலிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கின் பரிசோதனை முடிவை டாக்டரம்மா படித்து முடிக்கும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் கணவன்.

மாதக்கணக்கில் இதே பாடு. படுக்கும்போது ஒன்றும் இருக்காது. விடிந்தால் உடம்பெல்லாம் தடிப்பு. அரிப்பைவிட எரிச்சல் அதிகம். லேசில் மறையாது. நாலைந்து நாள் தங்கி, போகும்போது அடிபட்டதுபோல் நீலம் பாய்த்துவிட்டுப் போகும்.

முட்டையை நிறுத்தினாள். மீனை நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தையல்கூடத்தில் ஒருத்தி மட்டும் காதோடு காதாக, "வீட்ல எதுவும் பிரச்சனையா?" என்றாள்.

இவளுக்குச் சிரிப்புதான் வந்தது. எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிற ஆள் அவன்.

சிரிக்க முடியாதது வேறொன்று. தடிப்பு வர ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, புழுக்கமாக இருக்கிறது என்று தலையணையோடு முன்னறைக்குப் போய்விட்டான். அப்புறம், போன வாரம், கேட்டு வாங்கி இரவு வேலைக்கு மாறினான். முகம் கொடுத்துப் பேசுவான், கிட்டே வரமாட்டான்.

என் தோலைப் பார்த்து அருவருப்பு என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கண்ணாடி பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லையே.

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"இது அலர்ஜி இல்லம்மா. தோலுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் புண்பட்டு வீங்கி, ரத்தம் கசியுது. அதான் கன்னிப்போகுது. மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க."

அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"டாக்டர்... தூக்கத்துல, தெரியாம, யாராவது அடிச்சு வந்ததா இருக்காதே?"

அவள் சட்டென்று திரும்பினாள்.

அவனுக்குக் கெட்ட கனவு வரும். தூக்கத்தில் கத்துவான், கையைக் காலை வீசுவான், சில நாள் தூக்கத்திலேயே வீட்டுக்குள் நடப்பான். எழுந்தால் எதுவும் நினைவிருக்காது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழகிப்போன விஷயம். அவள் அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

"இருக்கவே இருக்காது. அடிச்சா இப்படி வராது," என்றார் டாக்டரம்மா.

அவன் தலை கவிழ்ந்தது. தோள்கள் குலுங்கின.

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

அவள் விடவில்லை.