காது மீட்டர்

ரிமோட் ஹெலிகாப்டர் கிளப்பில் அத்தானுக்குப் பட்டப்பெயரே ‘காது’. நைட்ரோ எரிபொருளில் ஓடும் எந்தக் குட்டி இன்ஜினையும் சத்தத்தை வைத்தே ட்யூன் செய்துவிடுவாராம், அவரே சொல்லிக்கொள்வது.

அவர் மச்சான் புதிதாக வாங்கிய குட்டி ரிமோட் ஹெலிகாப்டரின் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, அத்தான் கொல்லைப்புறத்தில் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜின் மெதுவாக ஓடும்போது விசிறி சுற்றாது, சத்தம் மட்டும்தான்.

“சூடு பார்க்கிற மீட்டர் கொண்டுவந்திருக்கேன் அத்தான்.”

“தூக்கிக் குப்பையில போடு. இந்தக் காதைவிடவா?”

எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகினார். உறுமல் ஏறியது. மறுபடி திருகினார். “ஆகா, சுதி சேர்ந்துடுச்சு!”

“ஆனா சூடு இறங்கிக்கிட்டே வருதே?”

“இறங்கணும்டா! என் கை பட்டா இன்ஜினே குளுந்துடும்.”

சட்டென்று சத்தம் நின்றது.

“மீட்டரை நீட்டி நீட்டியே அணைச்சுட்டியேடா, பாவி!”

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் தலை முளைத்தது. “தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க சார். புல்லு வெட்டி முடிச்சாச்சு, மெஷினை நிறுத்திட்டேன்.”

அத்தான் இன்ஜினைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது.

ஜன்னலில் அக்கா சிரித்தாள். “இவர் முதல் திருகு திருகினதுமே புகை நின்னுபோச்சுடா.”

“சொல்லியிருக்கலாமே அக்கா?”

“நான் சொல்றது அந்தக் காதுல என்னைக்குடா விழுந்திருக்கு?”