தரைக் கதவு

மாடியில் எடித் இடுப்பொடிந்து கிடந்தாள். உள்ளே ரத்தம் கசிகிறது, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்கமாட்டாள். ஐந்நூறு வருஷத்துப் பண்ணைவீட்டின் வளைந்த கல்படியிலோ ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை.

"எந்தப் புண்ணியவான் கட்டினான்? பூனைகூட இறங்காது," என்றான் ஆம்புலன்ஸ்காரன் கெவின். மூலையில், தரையோடு தரையாக ஒரு பலகைக் கதவு தெரிந்தது. "பெரியவரே, இதுக்குக் கீழ கூடம்தானே? கயித்துல கட்டி இறக்கிடலாம்."

அவள் புருஷன் ஹ்யூபர்ட் அதன்மேல் ஏறி நின்றார். "திறக்காது. ஆணி அடிச்சிருக்கு."

"உடைச்சிடுறேன்."

"கை வச்சே, நடக்கிறதே வேற! ஜன்னலைப் பேத்துக்கோ."

"வலி தாங்கலை... வழி விடுங்களேன்," என்று முனகினாள் எடித்.

அவர் அசையவில்லை.

ஜன்னலின் ஓக் மரச் சட்டம் இரும்பாய் இறுகிக் கிடந்தது. அதை அறுத்து முடிப்பதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் சவப்பெட்டி வந்தது. ஹ்யூபர்ட் ஒற்றைக் கையால் தரைக் கதவைத் தூக்கினார்.

"ஆணி அடிச்சிருக்குன்னீங்களாமே?" என்றார் பெட்டி கொண்டுவந்தவர்.

"பொய். இது பொணம் இறங்குற வழி. எங்க அப்பன், ஆத்தா, அண்ணன் எல்லாரும் இதுலதான் போனாங்க. போனவங்க யாரும் திரும்பலை. இவ திரும்பி வரணும்னுதான்யா விடலை."