கவர்னரின் செக்கர்ஸ் பலகை

1911 ஜனவரி 2, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலம் ஒன்றில் கவர்னர் ஹார்லன் புரூவிட்டின் பதவிக்காலம் நண்பகலில் முடியவிருந்தது.

மனைவி இறந்தபின் அந்தப் பெரிய மாளிகையில் அவரோடு இருந்தவர் சமையல்காரர் சைலஸ் மட்டும்தான். சைலஸ் கைதி. சிறையிலிருந்து மாளிகை வேலைக்கு அனுப்பப்பட்டவர். தினமும் மாலையில் இருவரும் கட்டப் பலகையில் காய் நகர்த்தி ஆடும் செக்கர்ஸ் ஆடுவார்கள். எப்போதும் கவர்னர்தான் ஜெயிப்பார்.

"என் மன்னிப்பு மனு என்னாச்சுங்க ஐயா?" என்று சைலஸ் நடுவில் கேட்பார்.

"மன்னிப்பு போர்டு ஆபீசுல தூங்குது. உன்னை மாதிரியே மந்தம். காயை நகர்த்துய்யா."

அன்று காலை பெட்டிகளைக் கட்டி முடித்ததும், கவர்னர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"உன் விடுதலை உத்தரவு. தேதியைப் பாக்காதே, சைலஸ்."

"தொள்ளாயிரத்து எட்டு மார்ச்சுல கையெழுத்துப் போட்டதுதானே?"

கவர்னர் நிமிர்ந்தார்.

"இந்த மேசையைத் துடைக்கிறவன் நான்தானுங்களே."

"நீயும் போயிட்டா இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணைக்கு யாருய்யா இருக்கான்னுதான் மறைச்சு வெச்சேன்." கவர்னரின் குரல் இறங்கியது. "தெரிஞ்சும் ஏன் சண்டை போடல?"

"கைதி பேச்சு எங்க எடுபடும்? உங்களுக்கே மனசு இளகட்டும்னுதான் தினமும் தோத்துக்கிட்டு இருந்தேன்."

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம்..."

சைலஸ் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் ஜெயித்தார். பதினொரு மணி ரயிலில் ஊருக்குப் போனார்.