பிரேக்குக்கு ரீகால் வரவில்லை

ஓர் உயிரைக் காப்பதைவிடப் பெரிய அறம் இந்த உலகத்தில் கிடையாது என்று அப்பா அறிவித்தார்.

அறிவித்துவிட்டு, விற்பனைக்கு நின்ற பழைய வண்டியின் முன்பக்க டயரை ஓங்கி உதைத்தார். பிறகு கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஒற்றைக்காலில் நின்றார்.

மகள் சிரிக்கும் நிலையில் இல்லை. பேறுகால விடுப்பு முடிந்து திங்கள்கிழமை வேலையில் சேர வேண்டும். குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, மலைச்சரிவில் இறங்கி, காப்பகத்தில் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அவள் கைக்கு எட்டிய பழைய ஹைப்ரிட் எஸ்யூவி இது ஒன்றுதான்.

அதுவும் அப்பா வேலை பார்த்த கம்பெனி தயாரித்த வண்டி. முப்பது வருடம் அங்கே தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். வேறு கம்பெனிக் காரில் இன்றும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் ஏறுவார்.

இன்றைக்கோ, விருந்தாளியாக வந்த வீட்டில் அலமாரியைத் திறந்து பார்க்கிறவர் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பழைய ஓனர் டாக்டர் சார். வெளிநாடு போறாரு, அதான் விக்கிறாரு" என்றார் விற்பனைக்காரர்.

"விக்கிறவன் எல்லாரும் வெளிநாடுதான் போறான்."

இந்த மாடலுக்கு மூன்று ரீகால் வந்திருந்தன. பேட்டரி கேபிள் துருப்பிடிக்கிறது, காற்றுப்பை விரிய மறுக்கிறது, பின்பக்கக் கேமரா அணைந்துபோகிறது. மூன்றையும் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்திருந்தது. மகள் சேசிஸ் நம்பரைப் போட்டு செல்போனில் பார்த்துவிட்டாள். பாக்கி எதுவும் இல்லை.

அப்பா அந்த போனை வாங்கி, திருட்டு போனோ என்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

கேபிளை முகர்ந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பேட்டரியில் கிளம்பிய வண்டி சத்தமே போடவில்லை. அந்த அடக்கமும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படித்தார். வண்டி தயாரான மாதமும் வருடமும் அதில் இருந்தன.

அதற்கப்புறம் அவர் யாரையும் முறைக்கவில்லை. குரலும் இறங்கிவிட்டது.

"பிரேக்குக்கு ஏதாவது ரீகால் வந்துச்சா, தம்பி?"

விற்பனைக்காரரின் முகம் மலர்ந்தது. "பிரேக்குக்கு ஒண்ணுமே வரல சார். தைரியமா எடுத்துட்டுப் போங்க!"

"வந்திருந்தா சரிபண்ணியிருப்பான்" என்றார் அப்பா. "வரலையே."

விற்பனைக்காரர் மகளைப் பார்த்தார். மகள் வானத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கறதை எதுக்கு சார் சரிபண்ணணும்?"

"இது வேண்டாம்மா. வா, வேற பாக்கலாம்."

"உங்க கம்பெனி வண்டியைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறது யாருப்பா? திங்கக்கிழமை பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்தா போறது?"

"பஸ்ல போவோம். நான் கூட வர்றேன். பிள்ளைய நான் வச்சுக்கறேன்."

காரணம் கேட்டதற்கு வண்டியின் நிறத்தைக் குறை சொன்னார். வெள்ளை சீக்கிரம் அழுக்காகிவிடுமாம்.

ஸ்டிக்கரில் இருந்த அந்த மாதம், தொழிற்சாலையிலேயே அதிக வண்டிகளைப் பிரேக் சோதனையில் தேற்றி அனுப்பியதற்காகச் சிறந்த ஊழியர் விருது வாங்கியவர் அப்பா.