ரிப்போர்ட்டில் குறைவு

கை கால்களை முடக்கும் நரம்பு நோய் வந்த அண்ணனை, "உனக்கு யாரு சோறூட்டுறது?" என்று கைகழுவிய தம்பி, ஒருநாள் அண்ணன் வீட்டு மேசைமேல் கிடந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நைசாகப் படித்தான். 'நரம்புப் புரதம்: மிகக் குறைவு.'

ஆள் ரெண்டு மாசம்கூடத் தாங்க மாட்டான்!

"அண்ணே, கடைசிவரைக்கும் நானே பாத்துக்கறேன். வீட்டை எனக்கு எழுதிடு."

"எழுதறேன். நடுவுல விட்டுட்டுப் போனா வீடும் கிடையாது, பூர்வீகச் சொத்துல உன் பங்கும் போயிடும். சம்மதமா?"

பத்திரம் பதிவானது.

மறுநாள் தம்பி ரிப்போர்ட்டைக் காட்டி, "இன்னும் எத்தனை நாளுங்க?" என்று கேட்டதும் டாக்டர் சிரித்தார். "நரம்பு சிதைஞ்சாத்தாங்க அந்தப் புரதம் ரத்தத்துல ஏறும். குறைவா இருந்தா நல்லது. நோய் மெதுவாத்தான் முத்தும். பல வருஷம் இருப்பார். போன வாரமே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனே!"

தம்பி வீட்டுக்குத் திரும்பினான்.

"எச்சில் வழியுது பாரு," என்றான் அண்ணன் குளறியபடி. "தொடச்சு விடுடா."